பதினெட்டுப் படுக்கைகள்

முருகேஷ்பாளையா, மூன்றாம் மாடி.
முன்பணம் பத்து மாதம், ஒப்பந்தம் பதினொரு மாதம்.
ஒன்பதாம் விதி: சுவரில் ஆணி அடிக்கலாகாது.
பன்னிரண்டாம் விதி: காலி செய்கையில்
பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்,
ஆணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும்.

இரண்டையும் சேர்த்துப் படித்த இரவில்
இருதயராஜிடம் சொன்னேன்:
பெயிண்டுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது,
சுவர் நம்முடையது.
அப்போ ஒன்பது? என்றான்.
பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரியது என்றேன்.

பால்கனி என்று அவர்கள் சொல்வது
ஒரு வாஷிங் மெஷின்,
அதன் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் ஓர் ஆள்.
தரையில் தொட்டி வைத்தால் கதவு திறக்காது.
மிச்சமிருந்தது உயரம் மட்டும்.

அவன் கம்பெனி டிரில்லை இரவல் கேட்டு வந்தான்.
ஞாயிறு பதினொரு மணி.
முதல் துளையில் சிவப்புத் தூள், செங்கல், நல்லது.
ஏழாவதில் கம்பி முட்டிப் பொறி பறந்தது.
அதை அப்படியே விட்டு
நாலு விரல் தள்ளி இன்னொன்று.
ஆகப் பத்தொன்பது துளை, பதினெட்டுத் தொட்டி.
மண் வேண்டாம், கனம், கொக்கி பிடுங்கும் என்று
சித்தாபுரத்து நர்சரிக்காரர் சொல்லியிருந்தார்.
நார்த்தூள் மூன்று பங்கு, மண்புழு உரம் ஒன்று.
கழுத்தெல்லாம் அரித்தது.

நர்ஸ் வீட்டுச் சுவர் வேறு எப்படி இருக்கும்?
தேதி முடிந்ததென்று ஸ்டோரில் ஒதுக்கிய
டிரிப் செட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன்.
மேலே ஐந்து லிட்டர் கேன்.
உருளையைத் திருகி, கைக்கடிகாரம் பார்த்து எண்ணினேன்:
புதினாவுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு,
மணிபிளாண்டுக்கு நான்கு,
கற்றாழைக்கு ஒன்றும் வேண்டாம்,
அது பார்வையில் மட்டும் இருக்கட்டும்.

ஐந்தாம் படுக்கை, ஸ்ட்ராபெர்ரி, மூன்றாம் நாள் போய்விட்டது.
மேற்கு வெயில் என்று நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன்.
மறுநாளே அங்கே வெற்றிலையை ஏற்றினேன்.
வார்டில் எந்தக் கட்டிலும்
ஓர் இரவுக்குமேல் காலியாகக் கிடப்பதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் காவேரி, மற்ற நாள் டேங்கர்.
டேங்கர் குடித்த இலைகளுக்கு விளிம்பில் உப்புப் பூக்கும்.
எந்தத் தண்ணீரோ தெரியாது,
இரண்டாம் மாடிக் கெம்பம்மாவின்
காயப்போட்ட பட்டுப்புடவையில் சொட்டியது.
நீரு! என்று கத்தினார். நீரு, நீரு!
நாங்கள் தண்ணி என்று தேய்த்துவிட்ட சொல்லை
இவர் பத்திரமாக வைத்திருந்து
என்னைத் திட்ட எடுக்கிறார்.
நான் ஸாரி என்றேன்.
அது எங்கள் இருவருக்குமே சொந்தமில்லை.
மறுநாள் கடைசி வரிசைக்கடியில்
பாதியாய்ப் பிளந்த பிவிசி குழாயைக் கட்டினோம்.

ஈரம் பார்க்க வந்தார் வீட்டுக்காரர் முனிவெங்கடப்பா.
செருப்போடு பால்கனிவரை நடந்தார்,
போன் வெளிச்சம் அடித்துத் துளைகளை எண்ணினார்.
பதினெட்டு என்றார்.
கம்பி முட்டியது பெரணி இலைக்குப் பின்னால் இருந்தது.
நான் திருத்தவில்லை.
பெயிண்ட் ரெண்டு மாசம் என்றார், சுத்தத் தமிழில்.
ஐந்தாம் படுக்கையில் இரண்டு இலை கிள்ளி
துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
படியிறங்கினார்.

இன்று இரவுப்பணி முடிந்து எட்டு மணிக்கு வந்தேன்.
வெற்றிலை தொட்டியை விட்டு வெளியேறி
கணுவுக்குக் கணு வேர்விட்டுச்
சுவரைப் பிடித்திருக்கிறது.
சுண்ணாம்பு எங்கே இருக்கிறதென்று
அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
நகத்தளவு பெயிண்ட் கூடவே வந்தது.
விட்டுவிட்டேன்.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.
யூனிபார்மோடு நின்று
ஒரு நிமிடம் எண்ணினேன். ஒன்பது சொட்டு.
கொஞ்சம் கூட்டிவைத்தேன்.